டிக்மன் பண்ணை வீட்டில் அப்பா கேட்ட கேள்வி

நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் வடகோடியில் இன்வுட் என்ற பகுதி உள்ளது. அங்கே பிராட்வே சாலையும் 204ஆவது தெருவும் சந்திக்கும் முனையில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு மேட்டின் மீது டிக்மன் குடும்பத்தாரின் பண்ணை வீடு நிற்கிறது. மன்ஹாட்டனில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பண்ணை வீடு இதுதான். வெளித்திண்ணையின் மேல் வளைந்து இறங்கும் கூரையும், கல்லும் செங்கல்லும் வெள்ளை மரப்பலகையும் கலந்து எழுப்பிய சுவர்களும் டச்சுக் குடியேறிகளின் கட்டட மரபைச் சேர்ந்தவை.

இக்குடும்பத்தின் முன்னோரான ஜான் டிக்மன் 1660களில் இங்கு வந்து குடியேறினார். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 முதல் 1783 வரை, பிரிட்டிஷ் படை இத்தீவைத் தன் வசம் வைத்திருந்தது. அப்போது ஊரை விட்டு வெளியேறிய வில்லியம் டிக்மன், போர் முடிந்து திரும்பியபோது பழைய வீடு அழிந்து போயிருந்தது. அதன் பிறகு, ஏறத்தாழ 1784இல், அவர் கட்டியதே இப்போதுள்ள வீடு. அவர் மகன் ஜேக்கபஸ் காலத்தில் பண்ணை 250 ஏக்கருக்கும் மேல் பரந்திருந்தது என்கிறார்கள்.

கடந்த ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே அழைத்துச் சென்றேன். தஞ்சை மாவட்டத்தில் நெல் விளைவித்தே எங்களைப் படிக்க வைத்தவர் அவர். முகப்பு அறைகளின் நாற்காலிகளும் பீங்கான் தட்டுகளும் அவரை அதிகம் கவரவில்லை. கீழ்த்தளத்தில் உள்ள குளிர்காலச் சமையலறையில்தான் நெடுநேரம் நின்றார். ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அகன்ற அடுப்பு வாய், அதற்குள் பாத்திரம் தொங்கவிடும் இரும்புக் கொக்கிகள், தாழ்ந்த உத்தரங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பண்ணை எவ்வளவு பெரியது என்று கேட்டார். சொன்னேன். எங்கள் பக்கத்து நில அளவான வேலியில் மனக்கணக்குப் போட்டு, "முப்பத்தெட்டு வேலிக்குக் கிட்ட வருதேம்மா. இத்தனையையும் யார் உழுதாங்க?" என்றார்.

வீட்டின் வரலாற்றைத் தொடவே இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். டிக்மன் குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது. நியூயார்க் மாநிலம் 1799இல் படிப்படியான விடுதலைக்குச் சட்டம் இயற்றியது. ஆனால் அச்சட்டம், அதன்பின் பிறந்த பிள்ளைகளைக்கூட, ஆணாயின் 28 வயது வரையும் பெண்ணாயின் 25 வயது வரையும் தாயின் உரிமையாளருக்கே வேலை செய்ய வைத்தது. முழு விடுதலை 1827இல்தான் வந்தது. 1820ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் இவ்வீட்டில் அடிமை ஒருவர் இருந்தார். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் உடன் வாழ்ந்தனர். ஹன்னா என்ற கறுப்பினப் பெண் இங்கே சமையல் செய்தார் என்ற செய்தியைச் சொன்னதும், அப்பா மறுபடியும் அந்த அடுப்பின் பக்கம் திரும்பினார். பண்ணையாட்களைப் பற்றி என் தாத்தா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

இவ்வீடு அருங்காட்சியகமான கதையையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடு குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. சுரங்க ரயில் வந்தபின் சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் மனைகளாயிற்று. சிதைந்து, இடிபடும் நிலையில் இருந்த வீட்டை 1915இல் டிக்மன் வழிவந்த மேரி ஆலிஸ், ஃபேனி என்ற சகோதரிகள் விலைக்கு வாங்கினர். ஃபேனியின் கணவர் அலெக்சாண்டர் வெல்ச் கட்டடக் கலைஞர். மேரி ஆலிஸின் கணவர் பாஷ்ஃபர்ட் டீன் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் போர்க்கவசப் பிரிவின் காப்பாளர். நால்வரும் சேர்ந்து வீட்டைச் சீரமைத்து, 1916இல் நகரத்துக்கே நன்கொடையாக வழங்கிவிட்டனர். அவர்களுடைய உழைப்பு இல்லையேல் இன்று நமக்குப் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. ஆனாலும் அவர்கள் அமைத்தது தம் முன்னோரின் பெருமையைச் சொல்லும் வீடு. அங்கே உழைத்தவர்களுக்கு அதில் இடமில்லை.

அந்தக் குறையை இன்றைய நிர்வாகம் நேர்மையாகச் சரிசெய்து வருகிறது. இன்வுட் பகுதியில் அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பெயர்களைப் பழைய ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து மக்கள் முன் வைக்கிறார்கள். 1903இல், பத்தாவது அவென்யூவில் 212ஆவது தெருவை ஒட்டி நிலத்தைச் சமப்படுத்தியபோது, அடிமைகளைப் புதைத்த இடம் வெளிப்பட்டது. பண்ணை வீட்டிலிருந்து அது நடந்து போகும் தொலைவுதான். வீட்டைப் பார்க்கச் செல்பவர்கள், தோட்டத்தில் திரும்பக் கட்டப்பட்டுள்ள, விடுதலைப் போர்க்காலப் போர்வீரர் குடிலையும் பார்த்துவிட்டு, சற்று நேரம் ஒதுக்கி அந்தத் தெருமுனை வரையும் நடந்து வாருங்கள்.