கல்மரம், காரை, குன்னம்: உள்ளூர் இளைஞர்களோடு நேர்ந்த அனுபவங்கள்

நிலவியல் ஆசிரியர், திருச்சி:

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரப் பூங்காவுக்கு எங்கள் துறை மாணவர்களை அழைத்துச் செல்வது வழக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அடையாளம் கண்ட அந்த மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்த பின், சிலிக்கா கரைந்த நீர் அதன் நுண்ணறைகளுக்குள் ஊறி, மரம் இருந்த இடத்தில் சிறுகச் சிறுகக் கல் அமர்ந்த கதையை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், "சார், அப்போ கரை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார். எங்கள் மாணவர் எவரும் அதுவரை கேட்காத கேள்வி அது.

கரை மேற்கே இருந்தது என்றும், கிழக்கே அரியலூரை நோக்கிப் போகப் போகப் பாறை அடுக்குகளின் வயது குறைந்துகொண்டே வரும் என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மேற்கே பெரியப்பா ஊரில் கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே வெடி வைக்க வேண்டிய பாறை வந்துவிடுகிறது, கிழக்கே மாமன் ஊரில் சிப்பி கலந்த மண்தான் வருகிறது என்றார். பட்டம் முடித்துவிட்டுக் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். பழைய கடும்பாறைக்கும் கடல் படிவுகளுக்கும் இடையே நாங்கள் வரைபடத்தில் வண்ணமிட்டுக் கற்பிக்கும் எல்லைக்கோட்டை அவர் கிணறுகளால் அறிந்து வைத்திருந்தார். விழிப்புணர்வு முகாம் என்ற பெயரில் பதாகையோடு போய் நாமே பேசிவிட்டுத் திரும்பும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைந்தது அன்றுதான். மற்றவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் நன்று.

பொறியியல் பட்டதாரி, காரை அருகே:

ஐயா சொல்வது எங்கள் பகுதிக்கும் பொருந்தும். காரையின் செம்மண் ஓடைகளும் மண்மேடுகளும் இப்போது திருமணப் படப்பிடிப்புக்குப் பெயர் பெற்றுவிட்டன. பைக்கில் மேடேறிக் காணொளி எடுப்பவர்களுக்கும் குறைவில்லை. அவர்கள் காலடியில் கிடப்பது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடிமண். வெயிலில் மின்னும் ஜிப்சத் துண்டுகளுக்கு நடுவே, துப்பாக்கித் தோட்டாவைப் போல வழுவழுப்பாக, ஒரு முனை கூராக, பழுப்பேறிய சிறு கற்கள் கிடக்கும். அவை பெலம்னைட் என்னும், கணவாயின் உறவான உயிரினத்தின் உட்கூட்டுப் பகுதி. மழை மேட்டை அரிக்க அரிக்கப் புதியவை வெளிவருவதால், அவற்றை முதலில் காண்பவர்கள் மாடு ஓட்டிச் செல்லும் எங்கள் ஊர்க்காரர்கள்தாம்.

ஒருமுறை வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த மாணவர்கள் சாக்குப்பையில் அள்ளிக்கொண்டு போனதை நாங்கள் சிலர் பார்த்தோம். தடுத்துக் கேட்டபோது, "இது என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்ற பதில்தான் கிடைத்தது. அதன் பிறகு நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எதைக் கண்டாலும் எடுப்பதில்லை; அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, இடக்குறிப்போடு குழுவில் போட்டுவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவோம். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் ஆய்வாளருக்கு அந்தக் கல்லால் பெரும்பயன் இல்லை என்று பேராசிரியர் ஒருவர் விளக்கிய பின், எங்கள் குழுவில் இருந்த சிறுவர்கள்கூட வீட்டு அலமாரியில் சேர்த்து வைப்பதை விட்டுவிட்டார்கள்.

ஆசிரியை, குன்னம் வட்டம்:

2020 அக்டோபரில் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் பரவிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் ஓட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருண்ட கற்கள் என்று வல்லுநர்கள் விளக்கியதும் ஊர்ப் பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. டைனோசர் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்பதுதான் என் கேள்வி. அரியலூர் மாவட்டத்தின் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ச் சுருள் சுருளான அம்மோனைட்டுகளைக் காட்டிய பின்பே கொஞ்சம் தேறினார்கள்.

முதுகலை மாணவி, வானூர் பகுதி:

நான் கொஞ்சம் கசப்பான பக்கத்தைச் சொல்கிறேன். திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதும். பக்கத்திலேயே உள்ள தேசியக் கல்மரப் பூங்காவுக்குள் அதில் ஒரு சிறு பங்குகூட வருவதில்லை. 1781-இலேயே சொனரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் குறித்து வைத்த இடம் அது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமை. அங்குள்ள மரங்களில் கிளையோ இலையோ வேரோ காணப்படாததால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் கொண்டுவந்து சேர்த்தவை என்று கருதுகிறார்கள். இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே பக்தர்கள் நின்று கேட்கிறார்கள். பௌர்ணமி மாலைகளில் பூங்காவைப் பற்றி எடுத்துச் சொல்லலாம் என்று தோழியரிடம் பேசிப் பார்த்தேன். முதலில் வந்த கேள்வி, "சம்பளம் உண்டாடி?" என்பதே. அந்தக் கேள்வியில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேருந்துக் கட்டணத்தையும் தானே போட்டுக்கொண்டு எத்தனை பௌர்ணமிக்கு ஒருத்தி வருவாள்? தன்னார்வம் என்ற சொல்லை இளைஞர்களிடம் எளிதாக நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

சுற்றுலாத் தொழிலில் இருப்பவர், கெடா, மலேசியா:

தங்கையின் கேள்விக்கு இங்கே ஓரளவு பதில் உண்டு. லங்காவித் தீவு 2007-இல் புவிப்பூங்காவாக, அதாவது நிலவியல் சிறப்புக்காகப் பேணப்படும் பகுதியாக, ஏற்கப்பட்டது. மாச்சிஞ்சாங் மலையின் மணற்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. கிலிம் அலையாத்திக் காட்டில் படகு ஓட்டும் உள்ளூர் இளைஞர்களுக்கு அதுவே பிழைப்பு. சுண்ணாம்புக்கல் குகையைக் காட்டிப் பேசினால்தான் அடுத்த பயணி வருவார் என்பதால் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வருமானம் மட்டும் போதாது என்பதையும் இங்கேதான் பார்த்தேன். பயணிகளை மகிழ்விக்கக் கழுகுகளுக்குக் கோழித்தோல் வீசும் பழக்கம் படகோட்டிகளிடம் வளர்ந்து, அதற்குக் கடும் எதிர்ப்பும் வந்தது. யுனெஸ்கோ புவிப்பூங்காக்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்கிறார்கள். பூங்காவை நடத்தும் அமைப்பே புதைபடிவங்களையும் கனிமங்களையும் விற்பதை அவர்கள் ஏற்பதில்லை. ஊர்மக்களின் பங்கேற்பையும் கேட்டுப் பார்க்கிறார்கள்.

நிலவியல் ஆசிரியர், திருச்சி:

நன்றி. இந்தியாவில் இன்னும் ஒரு யுனெஸ்கோ புவிப்பூங்காகூட இல்லை என்பதால் அதற்காகக் காத்திருக்க முடியாது. எங்கள் களப்பயணச் செலவில் வழிகாட்டிக்கென்று ஒரு தொகை ஒதுக்க முடியுமா என்று துறையில் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் முதலில் அந்தச் சாத்தனூர் இளைஞரிடம்தான் பேசுவேன். காரை நண்பரின் குழு எடுத்த படங்களை அடுக்குவாரியாகப் பிரித்துப் பட்டியலிட எங்கள் மாணவர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். இடக்குறிப்பைப் பொதுவெளியில் இடாமல் எப்படிப் பகிர்வது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்ய வேண்டும். சாக்குப்பைக்காரர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள்.