உதவித்தொகையும் ஆய்வக மாலைகளும்

கல்லூரியில் உதவித்தொகை எப்படி உதவியது என்ற கேள்விக்கு, கட்டணச் சுமை குறைந்தது என்று பலரும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் குறைந்தது. ஆனால் என் இளங்கலைப் படிப்பையே மாற்றியது, அதனால் மிச்சமான மாலை நேரம்தான்.

முதல் ஆண்டில் வகுப்பு முடிந்ததும் பகுதிநேர வேலைக்கு ஓட வேண்டும். ஆய்வகத்தில் சோதனை பாதியில் நிற்கும். கூடப் படித்தவன் முடித்து வைப்பான். மறுநாள் அவன் நோட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை கிடைத்ததும் வேலையை விட்டேன். ஆய்வகம் பூட்டும் வரை இருக்க முடிந்தது. ஒருநாள் அளவு ஏன் தப்பாக வருகிறது என்று கருவியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பேராசிரியர் நின்று பார்த்தார். அப்புறம் தன் ஆய்வுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவரும் அவரே. ஓடிக்கொண்டே இருப்பவருக்கு இப்படி ஓர் அறிமுகம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சராசரி மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு தொகை வராது. விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இந்த நிபந்தனை கழுத்தைப் பிடிக்கும். புள்ளியியலில் ஒரு கடினமான பாடம் எனக்கும் என் தோழிக்கும் பிடித்திருந்தது. அவள் கால்குலேட்டரை எடுத்து, இதில் எவ்வளவு குறைந்தால் சராசரி எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் எளிதான பாடத்தையே எடுத்தாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள் அவள். தொகை நின்றாலும் சமாளிக்க எனக்கு அண்ணன் சம்பளம் இருந்தது, அவளுக்கு அப்படி யாரும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1993-இல் தொடங்கிய ஹோப் உதவித்தொகையைத் தக்கவைக்க 4.0-க்கு 3.0 சராசரி மதிப்பெண் வேண்டும். அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், மாணவர்கள் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொண்டதையும், எடுத்த பாடத்தை நடுவில் கைவிட்டதையும், சிலவற்றைக் கோடைப் பருவத்துக்குத் தள்ளியதையும் கண்டார்கள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு பருவம் சறுக்கினால் அடுத்த பருவத்தில் ஈடுகட்ட வாய்ப்பு உண்டா? பணம் எப்போது கைக்கு வரும்? எனக்கு ஒருமுறை கட்டணக் கெடு முடிந்த பிறகுதான் வந்தது. அபராதத்தோடு கட்ட வேண்டியதாயிற்று. தொகை தருபவர்கள் முதல் கேள்விக்கு 'உண்டு' என்று சொல்லும்படி விதியை வைத்தால், என் தோழி போன்றவர்கள் விரும்பிய பாடத்தைப் படிப்பார்கள்.