அம்மா அப்பாவோட நேப்பாள் போறோம், மியூசியம் கோவில் எல்லாம் எப்படி பிரிச்சு போடுறது?

சிப்புட் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம், மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல இருந்து எழுதுறேன். நவம்பர் கடைசியில அம்மா அப்பாவ கூட்டிகிட்டு நேப்பாள் போலாம்னு இருக்கேன், ஒரு வாரத்துக்கு கொஞ்சம் மேல லீவு போட்டுக்கலாம். மலை ஏறுற ஆளுங்க இல்ல நாங்க, அப்பா காலம் பூரா பால்மரம் வெட்டுனவரு, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, அம்மாவுக்கு பிரஷர். பழைய அரண்மனை, கோவில், மியூசியம் இதுங்கதான் பாக்கணும். யூடியூப்ல பாத்தா காட்மாண்டு, பதான், பக்தபூர் மூணையும் ஒரே நாள்ல முடிச்சுட்டு வந்து கைய ஆட்டுறானுங்க, அது வயசானவங்களால முடியுமா? அம்மாவுக்கு பசுபதிநாத், முக்திநாத் ரெண்டும் கண்டிப்பா வேணுமாம். அப்பா கேக்குறது ஒண்ணே ஒண்ணு, கூர்க்கா மியூசியம். மலாயாவுல கம்யூனிஸ்ட்காரங்க கூட சண்டை நடந்த அவசரகாலத்துல, கூர்க்கா பட்டாளம் (வெள்ளக்காரன் படையில இருந்த நேப்பாள் சிப்பாய்ங்க) நம்ம தோட்டத்துப் பக்கம் இருந்த கதைய எங்க தாத்தா சொல்லி சொல்லி அவருக்கு மனப்பாடம். எந்த நாள் எது மூடி இருக்கும், எங்க தங்குறது, போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

ஈப்போ ஊர்சுத்தி:
தங்கச்சி, மூணையும் ஒரே நாள்ல பாக்கலாம், பாத்துட்டு எது எந்த ஊர்ல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். அந்த காட்மாண்டு பள்ளத்தாக்குல 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது மொத்தம் ஏழு இடம்: இந்த மூணு ஊரோட தர்பார் சதுக்கம் (பழைய அரண்மனை முன்னாடி இருக்குற சதுக்கம்), அப்புறம் சுயம்பு, பௌத்தநாத்னு ரெண்டு பௌத்த தூபி, பசுபதி, சாங்கு நாராயணன் கோவில். ஏழும் பாக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல லா.

மொதல்ல செவ்வாய்க்கிழமைய பாத்துக்கோ. அங்க அரசாங்க மியூசியம் பெரும்பாலும் செவ்வாய் மூடிடுவான், சௌனியில இருக்குற தேசிய மியூசியம் அப்படித்தான், நாராயணஹிட்டி அரண்மனை செவ்வாய் புதன் ரெண்டு நாளும் கிடையாது. அதனால செவ்வாய்க்கு பௌத்தநாத், சுயம்பு மாதிரி எப்பவும் தெறந்து கிடக்குற இடத்த போட்டுடு. சுயம்புவுக்கு கிழக்குப் பக்கம் 365 படி, அப்பாவ அந்தப் பக்கம் கூட்டிட்டு போயிடாத, பின்பக்கம் டாக்சி கிட்டத்தட்ட மேல வரைக்கும் போகும், டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடு, இல்லன்னா படிகிட்ட எறக்கி விட்டுட்டு போயிடுவான்.

நாராயணஹிட்டிதான் 2001 ஜூன்ல ராஜா குடும்பத்தையே சுட்டுக் கொன்ன இடம். 2008ல ராஜா ஆட்சிய ஒழிச்சாங்க, அடுத்த வருசம் அரண்மனைய மியூசியமா தெறந்துட்டாங்க. உள்ள கேமரா கூடாது, பை போன் எல்லாம் வெளிய லாக்கர்ல வைக்கணும். போலாம், ஆனா பழைய ஹோட்டல் லாபி மாதிரி இருக்கும், எனக்கு ஒண்ணும் பெருசா ஒட்டல.

பதானுக்கு மட்டும் முழு நாள் குடு. சதுக்கத்துலயே இருக்குற பழைய அரண்மனைய ஆஸ்திரியா உதவியோட பழுது பாத்து 1997ல மியூசியமா தெறந்தாங்க. வெண்கல சாமி செலைங்க, இந்து பௌத்தம் ரெண்டும், சும்மா கண்ணாடிக்குள்ள வரிசையா அடுக்கி வைக்காம எந்தக் கை முத்திரைக்கு என்ன அர்த்தம்னு எழுதி வச்சிருக்கான், மெழுகுல செஞ்சு மண்ணு பூசி உருக்கி ஊத்துறாங்களே நம்ம சுவாமிமலையில, அதே வேலைய இவங்க எப்படி செய்றாங்கன்னு படிப்படியா காட்டியிருக்கான், அத நிதானமா பாக்கணும். பின்னாடி தோட்டத்துல சாப்பாட்டுக் கடை இருக்கு, அப்பா உக்காந்துக்கலாம். எதிர்க்க கிருஷ்ணர் கோவில், 1637ல சித்தி நரசிங்க மல்லா ராஜா கட்டுன கல் கோவில், மொத மாடி சுத்தி மகாபாரதம், அதுக்கு மேல ராமாயணம் செதுக்கியிருக்கும்.

டிக்கெட் விசயம்: இந்தியா ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்டுக்கு சார்க் வெல (தெற்காசிய நாட்டுக்காரங்களுக்கு கொறஞ்ச வெல), நமக்கு அது கிடையாது, வெள்ளக்காரன் குடுக்குற அதே காசுதான். பக்தபூர்தான் இருக்குறதுலயே அதிகம், அதனால அங்க ஒரு ராத்திரி தங்கிடு, சாயங்காலம் டூர் பஸ் எல்லாம் கெளம்புனதும் ஊரே வேற மாதிரி ஆயிடும். டிக்கெட்ட கவுண்டர்ல சொல்லி அடுத்த நாளுக்கும் நீட்டிக்கலாம், பாஸ்போர்ட் எடுத்துட்டு போ. அங்க நியாதபோலா அஞ்சு அடுக்கு கோவில் 1702ல கட்டுனது, 1934 நிலநடுக்கத்துலயும் 2015 நிலநடுக்கத்துலயும் விழாம நின்னுச்சு. படிக்கு ரெண்டு பக்கமும் கீழ மல்யுத்த வீரன் செலை, அதுக்கு மேல யானை, அப்புறம் சிங்கம், இப்படியே மேல போகப் போக பத்து மடங்கு பலமாம். மேல ஏறினாலும் கருவறைக்குள்ள பூசாரி மட்டும்தான் போவாரு, அதனால கீழ நின்னு பாத்தா எதுவும் நஷ்டம் இல்ல.

கிராணி மகன்:
கூர்க்கா மியூசியம் போக்ராவுல இருக்கு, காட்மாண்டுல இருந்து 200 கிலோமீட்டர்தான், ஆனா கே.எல். (கோலாலம்பூர்) ஹைவே கணக்கு போடாதீங்க, மலை ரோடு, ஏழு எட்டு மணி நேரம் ஆகும், முட்டி வலி உள்ளவர பஸ்ல ஏத்தாதீங்க, பிளைட் அரை மணி நேரம் கூட இல்ல.

உங்க அப்பா அங்க போகணும்னு நெனைக்கிறதுல நியாயம் இருக்கு. 1948 ஜூன் 16 உங்க ஊர்ப்பக்கம்தான் மூணு வெள்ளக்கார தொரைங்கள சுட்டாங்க, அதுலதான் அவசரகாலமே ஆரம்பிச்சது, 1960 வரைக்கும் கூர்க்கா பட்டாளம் நம்ம காட்டுலதான் கெடந்தாங்க. பிரிட்டிஷ் பட்டாளத்தோட பெரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்குன கூர்க்கா சிப்பாய்ங்கள்ல கடைசி ஆளு ராம்பகதூர் லிம்பு, 1965ல சரவாக்ல இந்தோனேசியாக்காரன் கூட நடந்த சண்டையில வாங்குனது. அங்க வயசான ரிட்டையர்டு சிப்பாய் யாராச்சும் இருந்தா அப்பாவ மலாய்ல பேச்சு குடுக்க சொல்லுங்க, மலாயா, போர்னியோவுல இருந்த பழைய ஆளுங்க பலபேருக்கு மலாய் வரும்.

அதே ஊர்ல மலை மியூசியமும் இருக்கு, 8,000 மீட்டருக்கு மேல இருக்குற சிகரம் உலகத்துல 14, அதுல 8 நேப்பாள்ல, ஏறுனவங்க சாமான், மலை சனங்க உடுப்பு எல்லாம் வச்சிருக்கான். பெருசா இருக்கும், பாதி நாள் போதும்.

பத்து காஜா அக்கா:
அம்மா விசயத்த நான் சொல்றேன் மா. பசுபதிநாத் மெயின் கோவிலுக்குள்ள இந்துக்கள் போலாம், மத்தவங்க பாக்மதி ஆத்துக்கு அந்தக் கரையில இருந்துதான் பாக்கணும். தோல் பெல்ட்டு, தோல் பை எதுவும் வேணாம், உள்ள போட்டோ கூடாது. பூசை பண்றவங்க கர்நாடகாவுல இருந்து வர்ற பட்டருங்க. சனிக்கிழமை அங்க லீவு நாள், கூட்டம் தாங்காது, அன்னைக்கு போகாதீங்க. கரையிலயே பொணம் எரிப்பாங்க, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வையுங்க.

முக்திநாத்... நானும் பெருமாள் பக்தைதான், திருமங்கை ஆழ்வார் பாடுன சாளக்கிராமம், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனா 3,700 மீட்டருக்கு மேல மா, நம்ம கேமரன்ல பிரிஞ்சாங் மலை உச்சியே 2,000 சொச்சம்தான். பிரஷர் உள்ளவங்க டாக்டர கேக்காம போகக்கூடாது. போக்ராவுல இருந்து ஜோம்சோம் (முக்திநாத்துக்கு எறங்குற ஊர்) பிளைட் காலையில மட்டும்தான், மதியத்துக்கு மேல காத்து அடிக்கும், காலையில மேகம் இருந்தா அன்னைக்கு கேன்சல், அதனால கையில ரெண்டு நாள் உபரி இல்லாம அந்தப் பக்கம் போனா மத்த பிளான் எல்லாம் சரிஞ்சிடும். இந்தத் தடவை வேணாம்னுதான் நான் சொல்லுவேன். அதுக்கு பதிலா புத்தநீலகண்டம் கூட்டிட்டு போங்க, காட்மாண்டுலயே வடக்குப் பக்கம், குளத்துக்குள்ள பாம்பு மேல படுத்திருக்குற பெரிய கல் பெருமாள். சாங்கு நாராயணனும் பெருமாள்தான், அங்க மானதேவன் ராஜா தூண்ல வெட்டுன கல்வெட்டு 464ஆம் வருசத்துது, பக்தபூர்ல தங்குனா பக்கம்.

கிராணி மகன்:
அக்கா சொல்றது சரிதான், ஆனா அம்மாக்கு மனசுல கெடக்குமே. போக்ராவுல வானம் தெளிவா இருந்தா அன்னபூர்ணா மச்சபுச்சரே பனிமலை ரெண்டும் ஏரிக்கரையில இருந்தே தெரியும், அத காட்டி சமாதானம் பண்ணுங்க.

சிப்புட் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அம்மாகிட்ட டாக்டர் பேர சொல்லித்தான் முக்திநாத்த நிறுத்தணும், நான் சொன்னா கேக்க மாட்டாங்க. பதான் ஒரு நாள், பக்தபூர் ரெண்டு நாள், செவ்வாய்க்கு பௌத்தநாத்தும் சுயம்புவும், நடுவுல போக்ரான்னு போட்டிருக்கேன். விசா இங்கயே எடுக்கணுமா? அப்பாவுக்கு மூணு வேளையும் சோறு வேணும், அது கெடைக்குமா?

ஈப்போ ஊர்சுத்தி:
விசா காட்மாண்டு ஏர்போட்லயே, 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், ஆளுக்கு தனித்தனியா நோட்டா எடுத்துட்டு போ, பாரத்த ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடு, வரிசை மிச்சம். சோத்துக்கு கவலையே இல்ல, தால் பாத்னு பருப்பும் சோறும்தான் அவங்க சாப்பாடே, கேட்டா மறுபடி மறுபடி போடுவான். ஊறுகா மட்டும் வீட்ல இருந்து எடுத்துக்கோ. போக்ரா பிளைட்ட திரும்பி வர்ற நாளுக்கு ஒட்டி போடாத, லேட் ஆனா கே.எல். பிளைட் போயிடும், ஒரு நாள் முன்னாடியே காட்மாண்டு வந்துடு.