கன்விக்‌ஷன் ரேட்: ‘தண்டனை விகிதம்’ போதுமா?

வணக்கம்.

> நாளிதழ்கள் ‘தண்டனை விகிதம்’ என்றே எழுதுகின்றன. எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. தமிழக அமைச்சராக இருந்த பொன்முடியின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது 2023 டிசம்பர் 19 அன்று. மூன்றாண்டுச் சிறை என்று அறிவித்தது 21 அன்று. நடுவில் கன்விக்‌ஷன், அதாவது குற்றவாளி என்ற முடிவு, இருந்தது, தண்டனை இல்லை.

நான் தமிழாக்குவது இங்கிலாந்து, வேல்ஸ் நீதி அமைச்சகத்தின் புள்ளிவிவரம்: குடித்துவிட்டோ போதைப்பொருள் எடுத்தோ வண்டி ஓட்டியவர்கள் பற்றியது. எத்தனை பேர் மீது வழக்கு, எத்தனை பேருக்குக் கன்விக்‌ஷன், அதன்பின் எத்தனை பேருக்கு அபராதம், எத்தனை பேருக்குச் சிறை எனத் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறார்கள். கடைசிக் கணக்குக்குத்தான் ‘தண்டனை’ வேண்டும். முந்தையதற்கும் அதையே போட்டால் அட்டவணை குழம்பிவிடும்.

என் பரிந்துரை ‘குற்றத்தீர்ப்பு’. நான் உருவாக்கியதல்ல. இலங்கைச் சட்டங்களின் தமிழ்ப் பதிப்பில் ‘குற்றத்தீர்ப்பின்மேல்’ என்று வருவது இந்தப் பொருளில்தான்.

> விடுதலையும் குற்ற வழக்கில் வரும் தீர்ப்புதானே?

ஆமாம். ஆனால் அதை யாரும் குற்றத்தீர்ப்பு என்பதில்லை, ‘விடுதலைத் தீர்ப்பு’ இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குழப்பம் வராது.

‘விகிதமா, சதவீதமா’ என்ற கேள்விக்கு: விகிதமே சரி. ஓராண்டின் குற்றத்தீர்ப்புகளை அதே ஆண்டில் தொடரப்பட்ட வழக்குகளால் வகுக்கிறார்கள். டிசம்பரில் நீதிமன்றம் ஏறியவருக்குப் பிப்ரவரியில் தீர்ப்பு வந்தால் அவர் வழக்குக் கணக்கில் ஓராண்டிலும் தீர்ப்புக் கணக்கில் அடுத்த ஆண்டிலுமாக நிற்கிறார். சிறு எண்ணிக்கைகளில் இது நூறு சதவீதத்தையும் தாண்டலாம்.

இன்னொன்று, கைதானவர்கள் எல்லோரும் இந்த விகிதத்துக்குள் வருவதில்லை. மதுவுக்குக் காவல் நிலையத்து மூச்சுக்கருவி காட்டும் எண்ணே பெரும்பாலும் போதும். போதைப்பொருளுக்கு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குற்றம் நடந்த ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் விஷயம் முடிந்தது. ஆய்வகத் தாமதத்தால் செத்துப்போன வழக்கு தோல்வியாகக்கூட எண்ணப்படாது. விகிதம் உயர்ந்திருப்பதைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு இதை ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லியாக வேண்டும்.

> பிரின்சிபல் அஃபென்ஸ் என்பதற்குத் ‘தலைக்குற்றம்’?

அழகாகத்தான் இருக்கிறது, தலைக்காயம் நினைவுக்கு வருகிறது! ‘முதன்மைக் குற்றம்’ போதும். ஒருவர் மீது பல குற்றங்கள் உறுதியானால் மிகக் கடுமையான தண்டனை கிடைத்ததை மட்டும் எண்ணுவதுதான் இது. மது அளவு மீறிய ஒருவர் ஆளையும் இடித்துக் கொன்றால் சாவு விளைவித்த கணக்கில் சேர்ந்துவிடுவார், மதுக் கணக்கில் இருக்க மாட்டார்.

அப்புறம், ‘குடிபோதையில் ஓட்டுதல்’ என்று எல்லாவற்றுக்கும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரம்பு. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. ரத்தத்தில் 65 மில்லிகிராமோடு எல்லையைக் கடந்து வடக்கே போகிறவர் குற்றவாளி ஆகிறார். போதை ஒரு சொட்டும் கூடவில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவிலும் இதே பிளவு உண்டு: மதுவுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு, மற்றவற்றுக்கு வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை. முதலாவது ‘மதுவரம்பு மீறி ஓட்டுதல்’, இரண்டாவது ‘போதையில் ஓட்டுதல்’. இப்படிப் பிரித்தால் என்ன?

எனக்குச் சிக்கியிருப்பது ‘டிரக்’ (drug) மட்டும். 2015 மார்ச் 2-இல் இங்கிலாந்து, வேல்ஸில் நடைமுறைக்கு வந்த வரம்புப் பட்டியலில் கொக்கைனும் கஞ்சாவும் மட்டுமல்ல, பதற்றத்துக்குத் தரும் மாத்திரையான டயசிபாமும் இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி சாப்பிட்டவருக்குச் சட்டமே எதிர்வாதம் தருகிறது. அந்த மாத்திரையைப் ‘போதைப்பொருள்’ என்று எழுதக் கை வரவில்லை, கொக்கைனை ‘மருந்து’ என்று எழுதவும் முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல யாரிடமாவது சொல் இருக்கிறதா?