ஆஸ்திரேலியாவின் குக் ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் இருக்கிறீர்களா?

பெர்த்வாசி:
சிட்னி–பெர்த் இந்தியன் பசிபிக் ரயிலில் வந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். நல்லார்பர் சமவெளி, 478 கி.மீ. வளைவே இல்லாத தண்டவாளம், ஓரத்தில் நாலைந்து பேர் வசிக்கும் ஊர். எல்லோரும் பழைய சிறை அறைகளைப் படமெடுக்க ஓடினார்கள். நான் வேலை முடிந்து இறங்கிய எஞ்சின் டிரைவரைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. விழுப்புரத்தில் அப்பா, டிரைவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமுக்குப் போகிற அதே நடை. வண்டி நகர்ந்தபோது அவர் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கையை உயர்த்தினார். நான் பதிலுக்குக் கை அசைக்கவில்லை. ஆளொழிந்த அந்தப் பேய் ஊரில் அவரை விட்டுவிட்டு வந்ததுபோல் இன்னும் உறுத்துகிறது.

தண்டவாளக்காரன்:
பேய் ஊர் என்று எழுதாதீர்கள். 1917-லிருந்து ரயிலுக்காகவே இருக்கும் ஊர் அது. 1997-ல் ரயில்வே தனியாரிடம் போனதும் குடும்பங்கள் வெளியேறின, உண்மைதான். ஆனால் இன்றும் வண்டிகள் அங்கே டீசல் நிரப்புகின்றன, டிரைவர்கள் தூங்கி எழுகிறார்கள். எனக்கு மறக்காதது அந்தப் பலகை: ‘எங்கள் மருத்துவமனைக்கு உங்கள் உதவி தேவை, நோயில் விழுங்கள்.’ படித்துச் சிரித்தேன். மருத்துவமனை மூடிப் பல வருடம் என்று கார்டு சொன்னார். பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியாக என் மனைவி. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மல்லிகா அக்கா:
நான் இறங்கியது பத்தே நிமிடம், ஈ மொய்த்தது, ஏறிவிட்டேன். போகிறவர்கள் கேளுங்கள். தொப்பியும் முகவலையும் கட்டாயம். நிழலுக்கு மரத்தைத் தேடாதீர்கள், நல்லார்பர் என்றாலே மரமில்லாதது என்றுதான் பொருள். தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம், தம்பி. காரில் போகலாம் என்றால் நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 100 கி.மீ. மண் சாலை. உபரி டயர் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

பெர்த்வாசி:
தண்டவாளக்காரன் சொன்னது சரி, அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. நேற்று அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “அங்கே தண்ணீர் எப்படி?” என்று மட்டும் கேட்டார். ரயிலில்தான் வருகிறது என்றேன்.