சிலந்தியை இழுத்துச் சென்ற குளவி

கொக்கட்டிச்சோலைக்கு அருகே அம்மம்மாவின் வளவில், கச்சான் காற்று அனலாக வீசிய ஓர் ஆடி மாத நண்பகலில் இதைப் பார்த்தேன். கருநீல உடலும் செம்மஞ்சள் சிறகுகளும் கொண்ட, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமான குளவி ஒன்று, விறாந்தைச் சுவரில் வழமையாக ஒட்டியிருக்கும் பெரிய தட்டைச் சிலந்தியைக் கௌவிக்கொண்டு, பின்புறமாகவே நடந்து மணலில் இழுத்துச் சென்றது. தூக்கிப் பறக்க இயலாத பாரம். இடையிடையே இரையைப் போட்டுவிட்டு, சிறகுகளை வெட்டி வெட்டி அசைத்தபடி முன்னே ஓடித் தன் குழியைப் பார்த்து வந்தது. அந்த இடைவெளியில் ஈர்க்கினால் சிலந்தியைத் தொட்டேன். ஒரு காலின் நுனி மட்டும் மெல்லத் துடித்தது.

பிறகு சிலந்தியை உள்ளே இழுத்துப் போட்டு, வெகுநேரம் கழித்து வெளியே வந்து, புதிய மண்தரையை இடித்து இறுக்குவது போல வயிற்றின் நுனியால் மணலைத் தட்டித் தட்டிக் குழியை மூடியது.

புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவி தன்னைப்போல ஆக்கிவிடும் என்று அம்மம்மா சொல்வார். கோயில் சொற்பொழிவுகளிலும் இந்த உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையில் கொட்டுவது கொல்வதற்கும் அன்று, உருமாற்றுவதற்கும் அன்று. சிலந்தியை முடக்கி, அதன் வயிற்றின் மேல் ஒரேயொரு முட்டையை இடுவதற்காகவே பெண்குளவி கொட்டுகிறது. பொரிக்கும் புழு, உயிர்நாடியான உறுப்புகளைக் கடைசிக்கு விட்டு மற்றதை முதலில் உண்பதால் இறைச்சி அழுகுவதில்லை. உள்ளே போனது சிலந்தி, வெளியே வந்தது குளவி என்றால், பார்த்தவர் வேறென்ன நினைப்பார்?

கையால் பிடிக்கப்போன என் தம்பி சில நிமிடங்கள் வளவே அதிரக் கத்தினான், பின்னர் ஒன்றுமே நடக்காதவன் போல விளையாடப் போய்விட்டான். இதன் அமெரிக்க உறவான, தரன்துலாச் சிலந்திகளை வேட்டையாடும் குளவியின் கொட்டலுக்கு, பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மித் தமது வலி அளவுகோலின் உச்சமான 4ஐயே கொடுத்திருக்கிறார்.

அக்கரைப்பற்றிலிருந்து இன்னொருவர்:

எங்கள் வீட்டில் கண்டது மண்கூடு கட்டும் குளவி. அதுவும் சிலந்தி வேட்டைக்காரிதான், ஆனால் வழக்கம் வேறு. பாவிக்காமல் தொங்கிய தலைக்கவசத்துக்குள் அது கட்டியிருந்த கூட்டைக் கத்தி நுனியால் பிரித்தபோது, ஓர் அறைக்குள் மட்டும் பன்னிரண்டு சின்னஞ்சிறு சிலந்திகள் கால்களை மடக்கிக்கொண்டு நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. பெரிய சிலந்தி ஒன்றை இழுத்து அல்லற்படுவதற்குப் பதிலாக, பறந்து கொண்டுவரக்கூடிய அளவில் பலவற்றைச் சேர்ப்பது இதன் முறை. அடியிலிருந்த சிலந்தியின் மேல் வெண்ணிறப் புழுவொன்று ஒட்டியிருந்ததைக் கண்டு, கூட்டை மறுபடி மூட முயன்றேன். காய்ந்த மண் பொருந்தவில்லை.