புதுப்பிப்பு: கண்ணில் மிதக்கும் புள்ளிகள், ஆறு வாரம் கழித்து

ஆறு வாரத்துக்கு முன்னால் எழுதியிருந்தேன்: இடது கண்ணில் திடீரென்று நூலும் கொசுவும் போல ஏதோ மிதக்கிறது, பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கமே இல்லை என்று. "முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்" என்றீர்கள். மறுநாளே டர்பனில் காட்டினேன்.

சொட்டு மருந்து விட்டு விழித்திரை முழுவதையும் பார்த்தார். கிழிசல் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி வயதாக ஆகச் சுருங்கி விழித்திரையிலிருந்து பிரியுமாம். அதன் நார்கள் திரண்டு விழும் நிழலைத்தான் நாம் பார்க்கிறோமாம். எனக்கு 54, கிட்டப்பார்வையும் உண்டு. நேற்று மறுபரிசோதனையும் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. எழுந்ததும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுவேன். சாட்ஸ்வர்த்திலிருந்து அக்கா தினமும் போன் போட்டு, "இன்றைக்கு எப்படி இருக்கு?" என்பார். உடனே மறுபடி சுவரைப் பார்ப்பேன். புள்ளிகளைவிட இந்த எண்ணிக்கைதான் என்னை வாட்டியது. சரி, நிறுத்திவிட்டேன். அக்காவிடமும் சொன்னேன், இப்போது என்ன சமையல் என்று மட்டும் கேட்கிறார். கடற்கரையில் குளிர்கால வானம் பளிச்சென்று இருக்கும்போது புள்ளிகள் நன்றாகத் தெரியும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நடக்கிறேன், பாதி தூரத்தில் மறந்துபோகிறது.

மின்னல் போல ஒளி, புள்ளிகள் திடீரென்று பெருகுவது, ஓரத்தில் திரை விழுந்தது போன்ற இருட்டு: இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஓடுங்கள்.

அப்புறம், சொட்டு மருந்தில் கரையுமா என்று கேட்டவருக்கு: கரையாதாம். அறுவை சிகிச்சை உண்டு, என் அளவுக்குத் தேவையில்லை என்றார்.